கிளாரினெட் பழகும் குழந்தைக்கு டங்கிங் சொல்லித்தருவது எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் பள்ளி பேண்டில் சேர்ந்து கிளாரினெட் பழகத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒரே மூச்சில் நீளமாக ஊதினால் நாதம் நன்றாக வருகிறதாம். டங்கிங், அதாவது ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் பிரித்து வாசி என்றால் 'தப், தப்' என்று அடிக்கிற சத்தம் வருகிறது, நடுநடுவே கீச்சென்று கத்துகிறது. பேண்டு மாஸ்டர் "டூ டூ என்று சொல்லு" என்கிறார். வீட்டில் நாகஸ்வரம் வாசிக்கும் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். அவர் "இது நம்ம துத்துக்காரம்தானே, நான் சொல்லித்தருகிறேன்" என்கிறார். நாகஸ்வரத்தில் நாக்கால் ஸ்வரம் பிரிக்கும் முறை அது. வீடியோவில் ஒருவர் நாக்கின் நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேரில் யார் சரி என்று கேட்பதுபோல் இருந்தாலும், இதற்குள் இருக்கும் கேள்வி இன்னொன்று: கிளாரினெட்டில் நாக்குக்கு என்ன வேலை? அது புரிந்துவிட்டால் மூன்று பேர் சொல்வதிலும் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை இப்போதைக்கு ஒதுக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நான் புதுச்சேரியில் பேண்டு குழுவில் கிளாரினெட் வாசித்தவன், பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். இந்தக் குறையோடு வராத பிள்ளை அபூர்வம். அதனால் முதலில் ஒன்று: உங்கள் பெண்ணுக்குத் திறமை இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நீளமாக ஊதும்போது நாதம் நன்றாக வருகிறது என்றால் பெரிய வேலை முடிந்துவிட்டது.

கிளாரினெட்டில் ஒலியைக் கிளப்புவது மூச்சு. வாயில் வைக்கும் பகுதியான மவுத்பீஸின் நுனிக்கும், அதில் பூட்டியிருக்கும் மெல்லிய நாணல் பட்டையான ரீடின் நுனிக்கும் இடையே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். காற்று அந்த வழியே போகும்போது ரீடு அதிர்கிறது. இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மூடி வாசிக்கும், ஆங்கில எழுத்தில் 'ஈ' (E) எனப்படும் ஸ்வரத்தில், சாதாரண பி ஃபிளாட் கிளாரினெட்டில் ரீடு வினாடிக்கு ஏறக்குறைய 294 தடவை அதிரும். ரீடின் நுனியோ காகிதம்போல மெல்லியது, சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம். அதிர்கிற வீணைத் தந்தியை விரல் நுனியால் தொட்டவுடன் நாதம் நின்றுவிடும் இல்லையா, அதேபோல நாக்கு ரீடைத் தொட்டதும் ஒலி நிற்கும். நாக்கு விலகியதும், உள்ளே மூச்சின் அழுத்தம் அப்படியே இருந்தால், ஒலி தானாகப் புறப்படும். ஆக, ஸ்வரம் தொடங்குவது நாக்கு ரீடை விட்டு நகரும் நொடியில். பிள்ளைகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நாக்கால் அடித்தால்தான் சத்தம் வரும் என்று நினைத்து ரீடைக் குத்துகிறார்கள். 'தப்' என்று நீங்கள் கேட்பது அந்தக் குத்தைத்தான்.

அதனால் நாக்கைத் தொடுவதற்கு முன் மூச்சைப் பாருங்கள். ஒரே ஸ்வரத்தை நிதானமாக எட்டு எண்ணும்வரை, ஆடாமல், தேயாமல் அவளால் ஊத முடிகிறதா? முடியவில்லை என்றால் டங்கிங் பயிற்சியைச் சில நாள் தள்ளிவைத்துவிட்டு நீண்ட ஸ்வரம் மட்டும் ஊதட்டும். முதல் நாளிலேயே நாக்கையும் சேர்த்துச் சொல்லித்தரும் நல்ல ஆசிரியர்களும் உண்டு. இதில் ஒரே வழி என்று எதுவும் இல்லை. நான் மூச்சை முதலில் வைப்பதற்குக் காரணம், மூச்சு நிலைக்காத பிள்ளைக்கு நாக்கைச் சொல்லித்தந்தால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூச்சை நிறுத்தி நிறுத்தி ஊதும் பழக்கம் வந்துவிடுகிறது. பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

அடுத்து, மவுத்பீஸ் வாயில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டை மேலிருந்து செருகினால் ஓர் இடத்தில் நின்றுவிடும். ரீடு மவுத்பீஸைத் தொடத் தொடங்கும் இடம் அது. கீழ் உதடு ஏறக்குறைய அங்கே வரவேண்டும். மேல்பல் மவுத்பீஸின் மேல், நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவில் உட்காரும். இதைவிட மிகக் குறைவாக வைத்தால் ஒலி அடைத்துக்கொள்ளும். அதிகமாக வைத்தால் நாக்கு தொட்டதுமே கீச்சிடும். பள்ளி பேண்டில் கீச் கேட்கும்போதெல்லாம் நாக்கைத் திட்டுகிறார்கள், பல சமயம் குற்றவாளி இதுதான். அளவு சரியாக இருந்தால், நாக்கு தொட வேண்டிய இடம் ரீடின் நுனிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே. தொடுவது நாக்கின் நுனி, அல்லது நுனிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும் மேல்பகுதி. நாக்கின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் இதில் மயிரிழைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பேண்டு மாஸ்டர் சொல்லும் 'டூ' விஷயத்துக்கு வருகிறேன். அவர் தப்பாகச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்கிறார். ஆனால் நம் பிள்ளைகள் 'டூ' என்று சொல்லும்போது நாக்கு பின்னால் மடிந்து மேல் அண்ணத்தைத் தொடும். கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டு அப்படி மடித்தால் நாக்கு ரீடைத் தொடவே தொடாது. இல்லையென்றால் நாக்கின் அடிப்பகுதி போய் மோதும். நம் வாய்க்குத் 'து' பொருத்தமானது. அதைச் சொல்லும்போது நாக்கு மடியாமல் பல்லை நோக்கி முன்னால் போகிறது. அதைவிடவும் 'தீ' எனக்குப் பிடிக்கும். 'ஈ' என்னும்போது நாக்கின் பின்பகுதி மேலே தூக்கியிருக்கும், காற்று ஒடுங்கி வேகமாக வரும், நுனி ரீடுக்குப் பக்கத்திலேயே நிற்கும். 'தூ' என்று இழுத்துச் சொல்லும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் நாக்கை உள்ளே வெகுதூரம் இழுத்துக்கொள்கிறது. அவ்வளவு தூரம் போன நாக்கு திரும்பி வரும்போது வேகமாக வந்து மோதும். நாக்கு அசைய வேண்டிய தூரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கருவி இல்லாமல் கிசுகிசுப்பாக 'தீ தீ தீ' சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக வந்தபின் அதையே இன்னும் மென்மையாக, கிட்டத்தட்ட 'நீ' மாதிரி ஒலிக்கும்படி சொல்லச் சொல்லுங்கள். நாக்கு எவ்வளவு லேசாகத் தொட்டால் போதும் என்று அப்போது பிடிபடும்.

பெரியப்பா சொல்வதை மரியாதையோடு கேளுங்கள். அதில் பாதிக்குமேல் அப்படியே பொருந்தும். துத்துக்காரத்தில் மூச்சு அறுபடாமல் போய்க்கொண்டே இருக்க, நாக்கு மட்டும் ஸ்வரத்தைப் பிரிக்கிறது. கிளாரினெட்டிலும் உயிரான விஷயம் அதுதான். வீட்டில் அப்படி ஒருவர் வாசித்துக் கேட்டு வளரும் குழந்தைக்கு அது பெரிய வரம். வித்தியாசம் வாயின் அமைப்பில் இருக்கிறது. நாகஸ்வரச் சீவாளி இரட்டை நாணல். இரண்டு உதட்டுக்கும் நடுவே இருக்கும், நாக்கு நேராக அதன் வாயைத் தொடும். கிளாரினெட்டில் ஒற்றை ரீடு, மவுத்பீஸின் அடிப்பக்கத்தில், கீழ் உதட்டின் மேல் படுத்திருக்கிறது. அதன் நுனியை நாக்கு கீழிருந்து மேலாகத் தொட வேண்டும். இன்னொன்று, நாகஸ்வரத்தில் உதட்டையும் மூச்சையும் கூட்டிக் குறைத்துத்தான் கமகமும் பல ஸ்வர ஸ்தானங்களும் பிறக்கின்றன. ஆரம்பநிலைக் கிளாரினெட்டில் உதடு ஆடாமல் இருக்கப் பழகுவது முதல் பாடம். ஆகவே பெரியப்பா மூச்சையும் 'துத்து' என்ற சொல்கட்டையும் பழக்கட்டும், உதட்டு வேலையை இரண்டு வருடம் கழித்துச் சொல்லித்தரட்டும். இரண்டும் ஒரே வாயில் சேர்ந்து இருக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். 2022-ல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜன் நாகஸ்வரப் பயிற்சி பெற்றவர். கிளாரினெட்டில் கர்நாடக இசையைப் பாடுவதுபோலவே வாசித்தவர். அவருடைய பதிவுகளைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். ஸ்வரங்கள் குழைந்து போகும் இடங்களில் நாக்கு இருப்பதே தெரியாது, தேவைப்படும் இடத்தில் மட்டும் தெளிவாக எட்டிப் பார்க்கும்.

சரி, பயிற்சி. கருவியை முழுதாகப் பூட்ட வேண்டாம். மவுத்பீஸும் அதற்கு அடுத்த சிறு குழாயான பேரலும் மட்டும் போதும். ஊதினால், சுருதியை முள்ளால் காட்டும் டியூனர் செயலியில் எஃப் ஷார்ப் அல்லது அதற்குப் பக்கத்தில் காட்டும். முள் ஆடாமல் நிற்கும்வரை நாக்கில்லாமல் நீளமாக ஊதட்டும். அப்புறம் ஊதிக்கொண்டிருக்கும்போதே நாக்கை மெல்ல மெல்ல முன்னே கொண்டுபோய் ரீடை வெறுமனே வருடச் சொல்லுங்கள், ஒலியை நிறுத்த வேண்டாம். கொஞ்சம் கூசும், ஒலி மங்கி 'ஸ்ஸ்' என்று உரசும். பிள்ளை சிரித்துவிடும், சிரிக்கட்டும். அந்தக் கூச்சம்தான் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. எத்தனை படம் வரைந்து காட்டினாலும் இந்த அளவுக்குப் புரியாது. இடம் தெரிந்தபின், தொட்டு ஒலியை நிறுத்தி, மூச்சை மட்டும் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கன்னம் உப்பக் கூடாது, வயிறு தளரக் கூடாது. உள்ளே அழுத்தம் நிற்கும்போது நாக்கை லேசாக எடுத்தால் ஒலி பளிச்சென்று வரும். 'நான் அடிக்கவே இல்லை, தானாக வந்தது' என்று பிள்ளை ஆச்சரியப்படும் இடம் இது. இங்கே அவசரப்படாதீர்கள். இதையே ஒரு வாரம் செய்தாலும் வீண் இல்லை. முள்ளையும் கவனியுங்கள்: ஒவ்வொரு தொடலுக்கும் சுருதி கீழே இறங்குகிறது என்றால், நாக்கோடு சேர்ந்து தாடையோ உதடோ அசைகிறது.

முழுக் கருவியில் தொடங்கும்போது எல்லாத் துளையையும் திறந்து வாசிக்கும் 'ஜி'யைவிட நான் முன்பு சொன்ன 'ஈ' நல்லது. விரல்கள் பிடித்திருப்பதால் கருவி ஆடாது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளியே இருக்கக் கூடாது. நீண்ட ஒரே ஒலியின் மேல் நாக்கு பட்டுப் பட்டு எழுந்த அடையாளம் மட்டும் கேட்க வேண்டும். அது சுத்தமானபின் ஒரு தட்டுக்கு இரண்டு, பிறகு மூன்று, நான்கு. ஸ்டக்காட்டோ எனப்படும் வெட்டி வாசிப்பு இதற்கெல்லாம் பிறகுதான். அதுவும் மூச்சை நிறுத்துவதால் வருவதில்லை, நாக்கு சீக்கிரமாக ரீடுக்குத் திரும்புவதால் வருகிறது. பள்ளி பேண்டில் அணிவகுப்பு இசைக்காக முதலிலேயே வெட்டி வாசிக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டுவிழா நெருக்கும்போது மாஸ்டருக்கு வேறு வழி இருக்காது, எனக்கும் அந்த நெருக்கடி தெரியும். ஆனால் வீட்டுப் பயிற்சியிலாவது நீளமாகப் பிரிப்பதையே பழகுங்கள்.

விரலும் நாக்கும் சேரும் இடத்தில் புதுத் தொல்லை வரும். 'ஈ'யிலிருந்து அடுத்த 'டி'க்குப் போகும்போது நாக்கு ஒரு நேரம், விரல் ஒரு நேரம் என்று நகரும். நடுவே ஒரு குப்பை ஸ்வரம் கேட்கும். அதற்கு மருந்து நிதானம். ஒரு ஸ்வரத்தை வாசித்து நாக்கால் நிறுத்த வேண்டும். மூச்சு அழுத்திக்கொண்டே இருக்கட்டும். அந்த அமைதியிலேயே விரலை அடுத்த ஸ்வரத்துக்கு மாற்றி, கொஞ்சம் காத்திருந்து, நாக்கை எடுக்க வேண்டும். விரல் எப்போதும் நாக்குக்கு முன்னால் போய்த் தயாராக நிற்கப் பழகிவிடும். மெதுவாகச் செய்யும் இந்த ஒரு பயிற்சியைத்தான் நான் எந்த வயது மாணவருக்கும் விடாமல் தருகிறேன். வேகமாக வாசிக்கிறவர்களுக்கும் சிக்கல் வந்தால் இங்கேதான் திரும்பி வருகிறோம்.

கீச் சத்தத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எந்த இடத்தில் கீச்சிடுகிறதோ அதே வரியை நாக்கே இல்லாமல் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். அப்போதும் கீச்சிட்டால் நாக்கின்மேல் பழி போடாதீர்கள். விரல் துளையை முழுதாக மூடவில்லை என்பதே அநேகமாகக் காரணம். பதினோரு வயது விரல்களுக்கு வலது கை மோதிர விரல் துளையும், பின்பக்கக் கட்டைவிரல் துளையும் அடிக்கடி ஏமாற்றும். ரீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம், நுனியில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். நாக்கில்லாமல் சுத்தமாக வந்து, நாக்கு சேர்ந்ததும் கீச்சிட்டால், அவள் ரீடை மிக அழுத்தித் தொடுகிறாள் அல்லது தொடும்போது உதட்டை இறுக்குகிறாள். கண்ணாடி முன் நிறுத்துங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மெல்லுவதுபோல் தாடை அசைந்தால் வெளியிலேயே தெரியும். தாடை அசையாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னால் பிள்ளை இன்னும் இறுகிவிடும்; கண்ணாடியைப் பார்த்து அவளே கண்டுபிடிக்கட்டும்.

வெளியில் தெரியாத குறை ஒன்று உண்டு. சில பிள்ளைகள் நாக்கைத் தொடவே தொடாமல் தொண்டையை அடைத்துத் திறந்து ஸ்வரங்களைப் பிரிப்பார்கள். கேட்பதற்கு ஓரளவு சரியாகவே இருக்கும், ஆரம்பம் மட்டும் 'ஹ' என்றோ 'க' என்றோ மழுங்கலாக இருக்கும். வேகம் கூடும்போது மாட்டிக்கொள்வார்கள். அவள் வாசிக்கும்போது உங்கள் விரலைத் தொண்டைமேல் லேசாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் துள்ளினால் அதுதான். திரும்பவும் மவுத்பீஸ், பேரல், வருடும் பயிற்சிக்குப் போக வேண்டும். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வீடியோவில் பார்த்த முறையைப் பற்றி. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஊன்றிக்கொண்டு, நடுப்பகுதியால் ரீடைத் தொடுவதை ஆங்கர் டங்கிங் என்பார்கள். இது தவறா என்பதில் தேர்ந்த கலைஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நாக்கு நீளமானவர்களில் சிலர் அப்படியே வாசித்துப் பெரிய மேடைகளில் இருக்கிறார்கள். அதனால் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாக்கின் கனமான பகுதி ரீடில் மோதுவதால் 'தப்' அதிகமாகும், வேகமும் பலருக்குக் கூடுவதில்லை. ஏற்கெனவே 'தப்' தொல்லை இருக்கும் குழந்தைக்கு நான் அதைத் தர மாட்டேன். ஒருவேளை அவளுக்குத் தெரியாமலே இப்போது அப்படித்தான் செய்துகொண்டிருக்கலாம். 'நுனி எங்கே இருக்கிறது' என்று அவளிடமே கேளுங்கள். புல்லாங்குழலிலும் டிரம்பெட்டிலும் 'துகு துகு' என்று இரட்டை நாக்கு போடுவதைப் பார்த்து அதுவும் வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிளாரினெட்டில் மவுத்பீஸ் வாய்க்குள் இருப்பதால் அது கடினமான வித்தை, இப்போது தேவையே இல்லை.

ரீடைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரீடின் எண் அதன் கெட்டித்தன்மையைக் காட்டும்; ஆரம்பத்துக்கு 2 அல்லது 2½ எண் ரீடு பெரும்பாலும் சரிவரும். மிகக் கெட்டியான ரீடு ஒலி கிளம்பவே அடம்பிடிக்கும், பிள்ளை அதை நாக்கால் இடித்துக் கிளப்பப் பார்க்கும். கடலூரும் புதுச்சேரியும் கடல் ஈரக்காற்று அடிக்கும் ஊர்கள். வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்து அதன் பெட்டியில் தட்டையாக வைக்க வேண்டும். மவுத்பீஸிலேயே விட்டுவைத்தால் நுனி அலையலையாக நெளியும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். நீர் ஊறிக் கனத்த ரீடில் யார் நாக்கு வைத்தாலும் ஒலி மழுங்கிப்போகும். மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றி வாசிக்கட்டும்.

நாக்குப் பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். பழகாத நாக்கு சீக்கிரம் களைத்துவிடும். களைத்தபின் பழகுவதெல்லாம் தப்பாகவே பழகும். மீதி நேரம் அவளுக்குப் பிடித்த பாட்டை வாசிக்கட்டும். அவள் வாசிப்பைக் கேட்காமல், நீங்கள் எழுதியதை வைத்து மட்டுமே இவ்வளவு சொல்லியிருக்கிறேன். 'தப்' பற்றி நான் சொன்னதில் எனக்கு நம்பிக்கை உண்டு. கீச்சுக்கு நாக்கா, விரலா, ரீடா என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவரே சொல்ல முடியும். பல்லில் கம்பி போட்டிருந்தாலோ, நாக்கை வெளியே நீட்டவே சிரமப்பட்டாலோ மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மேலே சொன்ன நாக்கில்லாமல் வாசிக்கும் சோதனையை மட்டும் இந்த வாரம் செய்து பார்த்து, என்ன கேட்டது என்று எழுதுங்கள். முடிந்தால் அவள் வாசிப்பதைப் பக்கவாட்டிலிருந்து, தாடையும் தொண்டையும் தெரியும்படி ஒரு நிமிடம் படம் பிடித்துப் போடுங்கள். பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.